ஏணி பிடித்தவள்

அந்த ஏணியின் அடியை ராசாமணி பிடித்திருக்கக் கூடாது. பிடித்துவிட்டாள். பிடித்த நேரத்தில் அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. புருசன் அர்த்தனாரி காய்ச்சலில் போய் மூன்று மாசம்தான் ஆகியிருந்தது. அவனுடைய அண்ணன் செல்லமுத்து காலங்காத்தாலே பனிக்குள்ளிருந்து தோளில் ஏணியோடு வந்து நின்று, "கீழ்க்காட்டுல மொளவு பழுத்துப்போச்சு புள்ள. இப்பிடியே உட்டா குருவி தின்னுபோடும்" என்று சொன்னால் எந்தப் பொம்பளைதான் சந்தேகப்படுவாள்? கூடப் பொறந்தவன் செத்தாலும் இந்த மனுசனுக்கு நம்ம மேலே அக்கறை இருக்கிறதே என்று அவளுக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

"கஞ்சி இருக்குதா புள்ள?"

"சாமைக் கஞ்சி இருக்குதுங்க மாமா. மோரு ஊத்திக் கொண்டாறேன்."

"கொண்டா. அதுக்கு மின்ன சித்தே இந்த அடியப் புடி. மண்ணு ஈரமாக் கெடக்குது, வழுக்குது."

பிடித்தாள். அவன் ஏறினான்.

மிளகு ஏணி என்றால் பரணுக்கு ஏறுகிற இரண்டு கால் ஏணி இல்லை. ஒற்றை மூங்கில். கணுவில் கிளைத்த குச்சிகளை நாலு விரல் அளவுக்கு விட்டு வெட்டியிருப்பார்கள். அந்தக் குச்சியில் கட்டைவிரலை மாட்டித்தான் ஏறவேண்டும். சில்வர் ஓக் மரம் நெட்டுக்குத்தலாக வானத்தைப் பார்த்துப் போகும். மிளகுக் கொடி அதைச் சுற்றிக்கொண்டே போகும். ஏணியை மரத்தில் சாத்தி, உச்சிவரை ஏறி, ஒரு கையால் மரத்தைக் கட்டிக்கொண்டு மறுகையால் சரத்தை உருவித் தோளில் தொங்கும் சாக்கில் போடவேண்டும். கீழே ஒரு ஆள் அடியைப் பிடிக்காவிட்டால் மூங்கில் உருண்டுவிடும். அப்புறம் ஆளும் இல்லை, மிளகும் இல்லை.

இது மலை முழுக்க உள்ளதுதான். ஆனால் வாழவந்தி நாட்டில் உள்ளடங்கிக் கிடக்கும் கருங்காட்டுப்பட்டியில் இதற்கு மேல் ஒரு ஊர்க்கட்டும் உண்டு. அண்ணன் தம்பி பாகம் பிரிக்கும்போது அங்கே யாரும் அளப்பதில்லை, எழுதுவதில்லை. தம்பி பாகத்து மரத்தில் தம்பி ஏணி சாத்துவான், அண்ணன் அடியைப் பிடிப்பான். அண்ணன் பாகத்தில் அண்ணன் சாத்துவான், தம்பி பிடிப்பான். அவ்வளவுதான், பாகம் முடிந்தது. ஏணியை யார் வேண்டுமானாலும் சாத்தலாம். பங்காளி வீட்டு ஆள் வந்து அடியைப் பிடித்துக் கொடுத்தால்தான் அந்தப் பூமி சாத்தினவனுடையது என்று அர்த்தம். சொந்த வீட்டு ஆள் பிடித்தாலும், கூலிக்காரன் பிடித்தாலும் அது வெறும் பறிப்புதான், அதற்கு மேலே ஒன்றும் இல்லை.

பாகம் பிரித்த நாளில் செல்லமுத்துதான் அர்த்தனாரியின் ஏணியைப் பிடித்தவன். ராசாமணி அப்போது புதுப்பெண். இடுப்பில் கூடையோடு நின்று பார்த்திருக்கிறாள். பார்த்தும் மறந்துவிட்டாள். மறந்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. அதெல்லாம் ஆம்பளைகள் சமாச்சாரம், தன் கைக்கும் அதில் ஒரு பங்கு இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

சாயங்காலம் சாக்குகள் கிளம்பின. அவளுடைய வாசலுக்கு ஒரு சாக்கும் வரவில்லை.

"மாமா, சாக்கு அக்கட்டால போவுதுங்களே?"

"எம்பட களத்துல காயட்டும்."

"எங்க வாசல்லயே தார்ப்பாய் விரிச்சு வெச்சிருக்கறனுங்க."

"உங்க வாசல்ல நெழலு" என்றான் செல்லமுத்து. திரும்பிப் பார்க்காமல் சொன்னான்.

குழாயடியில் சுகுணா பிடித்துக்கொண்டாள். சுகுணா மகளிர் குழுத் தலைவி. ஊரில் ஸ்கூட்டி ஓட்டுகிற ஒரே பொம்பளை. வாயும் ஸ்கூட்டி மாதிரிதான், மேட்டிலும் நிற்காது.

"ஏனக்கா, உங்க மாமனுக்கு ஏணி புடிச்சுக் குடுத்தியாமா?"

"ஆமா புள்ள. மண்ணு வழுக்குதுன்னாங்க."

சுகுணா குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். "வழுக்குதுன்னாங்களா? தையி மாசத்துல எங்கக்கா மண்ணு வழுக்கும்? அந்தாளு டீக்கடைல உக்காந்து சொல்லிக்கிட்டு இருக்கறான், 'தம்பி பொண்டாட்டியே அடியப் புடிச்சுக் குடுத்துட்டா, பூமி என்னுதாயிருச்சு'ன்னு. நீ கஞ்சி வேற ஊத்துனியாமா?"

"மோரு ஊத்தித்தான் குடுத்தேன்" என்றாள் ராசாமணி. அவளுக்கே அது கேவலமாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்தால் மகள் தாரணி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். செம்மேட்டுப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது படிக்கிற பெண். விசயத்தைக் கேட்டதும் ஊதுகுழலைக் கீழே போட்டாள்.

"நம்ம காட்டு மரத்துல நம்ம கொடி. பெரியப்பா எதுக்கு எடுக்கறாங்க?"

"உனக்குத் தம்பி ஒருத்தன் இருந்திருந்தா எடுத்திருக்க மாட்டாங்க கண்ணு."

"நான் இருக்கறேன்ல?"

ராசாமணி களியைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ வெந்துவிட்டிருந்தது.

ஊர்க்கூட்டம் மாரியம்மன் கோயில் பலாமரத்தடியில். ஆம்பளைகள் மரத்தடியில் உட்காருவார்கள். பழைய கல் உரல் ஒன்று பாதி புதைந்து கிடக்கும்; அதைத் தாண்டிப் பொம்பளைகள் வரக்கூடாது. உரலுக்கு அப்பால் நின்று கேட்கலாம், பேசக்கூடாது. பொம்பளைக்கு வழக்கு என்றால் அவள் அண்ணனோ அப்பனோ பேசவேண்டும். ராசாமணிக்கு அப்பன் இல்லை. அண்ணன் முருகானந்தம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். போன் போட்டதற்கு, "ஊர்ப் பெரியவங்க பாத்துச் செய்வாங்க, நீ ஒண்ணும் பேசிப்போடாத" என்று வைத்துவிட்டான்.

ஊர்க்கவுண்டர் சின்னராசு தொண்டையைச் செருமினார். கெட்டவர் இல்லை. ஊரில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் முதல் ஆளாக ஜீப் பிடித்துக்கொண்டு வருவார். ஆனால் கட்டு என்றால் கட்டு.

"செல்லமுத்து, சொல்லு."

"என்னத்தச் சொல்றதுங்க. தம்பி போயிட்டான். ஆம்பளப் புள்ள இல்ல. பொட்டப்புள்ள நாளைக்கு ஒருத்தன் ஊட்டுக்குப் போயிரும், பூமியும் கூடப் போயிரும். நம்ம அப்பன் பாட்டன் பூமி வேத்தான் கைக்குப் போலாமுங்களா? தம்பி சம்சாரத்துக்கு ஊடு இருக்குது, கடசி மட்டும் நான் கஞ்சி ஊத்தறேன். அவளுமே ஒத்துக்கிட்டுத்தான் ஏணி புடிச்சுக் குடுத்தா."

"நான் ஒத்துக்கலீங்க!"

உரலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்ததும் கூட்டம் திரும்பியது. ஒரு கிழவர், "ஏம்மா, ஏம்மா, பேசப்புடாது" என்று கையை ஆட்டினார், கோழியை விரட்டுகிற மாதிரி.

"வழுக்குதுன்னு சொன்னாங்க, புடிச்சேன். கட்டுன்னு தெரியாதுங்க!"

"தெரியுதோ தெரியலையோ, புடிச்சியா இல்லையா?" என்றார் சின்னராசு.

"புடிச்சேனுங்க."

"அப்பறம் என்ன?"

 பக்கத்தில் நின்ற சுகுணா ராசாமணியின் முழங்கையைக் கிள்ளினாள். அந்த வலியில்தான் அடுத்த பேச்சு வந்திருக்கவேண்டும்.

"கவுண்டரே, பொம்பள பேச்சு கூட்டத்துல ஏறாதுங்கறீங்க. பொம்பள ஒரலத் தாண்டப்புடாதுங்கறீங்க. அப்ப பொம்பள கை மட்டும் எப்பிடிங்க கட்டுல ஏறுச்சு?"

 சின்னராசு துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடியும் மடித்தார்.

"பேச்சு வேற, கை வேற. ஏணி அடியப் பங்காளி ஊட்டுக் கை புடிச்சா புடிச்சதுதான். ஆம்பள கையானாலும் சரி, பொம்பள கையானாலும் சரி. நாளைக்கு ஆளாளுக்குத் தெரியாமப் புடிச்சேன்னா ஊருல ஒரு பாகம் நிக்குமா? இதான் முடிவு." பிறகு குரலை இறக்கினார். "அர்த்தனாரி பாகத்துல மேக்காட்டு மரம் இன்னும் பறிக்கலயல்ல? வர்ற வியாளக்கெழம செல்லமுத்து பறிச்சுக்கட்டும். அதுவரைக்கும் ஊருல எந்த ஆம்பளயும் அந்த மரத்துல ஏறப்புடாது."

பொம்பளைகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. பொம்பளை மிளகு மரம் ஏறினால் கொடி காய்ந்துவிடும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் கிழங்குக் காட்டில் கூலி வேலை. மரவள்ளிக் குச்சியை இரண்டு கையாலும் பிடித்து, முட்டியை ஊன்றி, தம் கட்டி இழுத்தால் மண்ணைக் கிழித்துக்கொண்டு கிழங்கு வரும். மதியத்துக்குள் லோடு ஆகவேண்டும். லாரி ரோட்டில் நின்றது, ஜவ்வரிசி மில்லுக்குப் போக. வரிசையில் ராசாமணி, சுகுணா, கொஞ்சம் தள்ளி செல்லமுத்துவின் பெண்டாட்டி சென்னம்மாள், அவளுடைய மகள் வித்யாஸ்ரீ. வித்யாஸ்ரீயைக் கட்டிக்கொடுத்த இடத்தில் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று கைக்குழந்தையோடு திரும்பி வந்துவிட்டாள். அப்பன் வீட்டில் சோறு உண்டு. சோற்றோடு, எப்போது போகப்போகிறாய் என்கிற கேள்வியும் உண்டு.

சென்னம்மாள் காலையிலிருந்து ராசாமணி முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனை வருசமாக ஒருத்தி அடுப்பிலிருந்து ஒருத்தி நெருப்பு வாங்கிக்கொண்டவர்கள்.

"மண்ணு மட்டும் நம்ம நகத்துக்குள்ள இருக்கோணும்" என்று சுகுணா ஒரு கிழங்கை உதறினாள். "பூமி மட்டும் அவிய பேருல இருக்கோணும். எங்கம்மாளுக்கும் இதேதான் நடந்துச்சு. எங்கப்பன் செத்த வருசம் சித்தப்பன் வந்து ஏணி சாத்துனான். எங்கம்மா அழுதுக்கிட்டே அடியப் புடிச்சா. கடசி மட்டும் அந்தக் காட்டுலயே கூலிக்குக் களை எடுத்துச் செத்தா."

"நிறுத்து புள்ள" என்றாள் சென்னம்மாள்.

"நான் எதுக்கு நிறுத்தோணும்? உங்க ஊட்டுக்காரர நிறுத்தச் சொல்லுங்க."

"அவரு எவ பேச்சக் கேட்டு நிறுத்தறாரு? கொதிக்கற கொழம்புல நான் உப்பு பாத்துச் சொன்னாக்கூட, உனக்கென்ன தெரியும்னு கேக்கற மனுசன்."

யாரோ சிரித்தார்கள். வித்யாஸ்ரீ சிரிக்கவில்லை. மண்வெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, "சின்னம்மாளுக்கே இந்தக் கதின்னா, எனக்கு என்னம்மா இருக்குது?" என்றாள்.

சென்னம்மாள் அடுத்த குச்சியைப் பிடித்து இழுத்தாள். வேகமாக இழுத்ததில் கிழங்கு பாதியில் முறிந்து மீதி மண்ணுக்குள் போய்விட்டது. முறிந்ததைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சும்மா நின்றாள்.

சந்தை நாளில் சுகுணா ஸ்கூட்டியில் ராசாமணியை ஏற்றிக்கொண்டு செம்மேடு போனாள். நாமக்கல்லிலிருந்து வக்கீல் பூபதி வந்திருந்தார். சந்தை நாளில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடைமாடியில் உட்காருவார். சின்ன வயசு, சுருக்கமாகப் பேசுகிறவர்.

"கேஸு போடலாங்கக்கா. பொண்டாட்டிக்கும் பொண்ணுக்கும் பாத்தியம் உண்டுன்னு வாதாடலாம், கோர்ட்டு இப்பெல்லாம் காது குடுத்துக் கேக்குது. ஆனா நாளாகும். அதுவரைக்கும் பூமி யாரு அனுபோகத்துல இருக்குதுன்னுதான் மொதல்ல பாப்பாங்க. இந்த வருச வெள்ளாமைய யாரு எடுத்தாங்க?"

"கீழ்க்காட்டுது அவரு எடுத்துட்டாருங்க. மேக்காடு பாக்கி."

"அதையும் உட்டுட்டீங்கன்னா உங்க கையில என்ன இருக்குதுன்னு நான் காட்டறது?"

"எங்க ஊரு ஆம்பளைக யாரும் ஏற மாட்டாங்களே சார். கட்டு போட்டுட்டாங்க."

வக்கீல் பேனாவை மூடி வைத்தார். திரும்பி வரும்போது ராசாமணி வழி நெடுகப் பார்த்துக்கொண்டே வந்தாள். தோட்டங்களில் எங்கே பார்த்தாலும் ஏணி சாத்தியிருந்தது. ஒவ்வொரு ஏணிக்கும் கீழே ஒரு பொம்பளை அடியைப் பிடித்துக்கொண்டு மேலே அண்ணாந்து நின்றாள். மேட்டில் ஸ்கூட்டி திணறியபோது, சுகுணாவின் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "நல்ல மூங்கிலு எங்க கெடைக்கும்?" என்றாள்.

அர்த்தனாரியின் ஏணியைச் செல்லமுத்து ஏற்கெனவே தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதனால் ஓடைக்கரை மூங்கில் புதருக்குள் இருவரும் அரிவாளோடு புகுந்தார்கள். முற்றினதாக வேண்டும், வளையாததாக வேண்டும், கிளைக்குச்சி கெட்டியாக இருக்கவேண்டும். வெட்டினார்கள், இழுத்தார்கள், முள் கிழித்தது, சுகுணா மூங்கிலைத் திட்டினாள், மூங்கிலை நட்டவனைத் திட்டினாள், யாரும் நடவில்லை என்று ஞாபகம் வந்ததும் ஓடையைத் திட்டினாள். வீட்டுக்குக் கொண்டுவந்து, குச்சிகளை அளவாக நறுக்கி, சிராய் போக நெருப்பில் வாட்டினாள் ராசாமணி. புருசன் செய்வதைப் பார்த்திருக்கிறாள். நுனியில் மரத்தைக் கவ்வக் கயிறு கட்டினாள். தாரணி அப்பாவின் பழைய பேண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். இடுப்பில் நிற்கவில்லை, ராசாமணி சணல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னால் பலாமரத்தில் சாத்தி ஏறிப் பழகினாள். முதல் தடவை நாலாவது குச்சியிலேயே இறங்கிவிட்டாள்.

"அம்மா, கீழ பாக்காத."

"கீழ பாக்கலடி. மேல பாத்தாத்தான் பயமா இருக்குது."

அப்புறம் பயம் போகவில்லை, பழகிவிட்டது. புதன்கிழமைக்குள் பலாமரத்தின் முதல் கவடு வரைக்கும் போய்வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமல் மேக்காட்டில் பனி பாலாக இறங்கிக் கிடந்தது. ராசாமணி தன் ஏணியை முதல் மரத்தில் சாத்தினாள். சரமெல்லாம் பச்சையும் சிவப்புமாகத் தொங்கியது. கீழே தாரணி அடியைப் பிடித்தாள். சுகுணாவும் குழுப் பொம்பளைகளும் வரப்பில் குந்தியிருந்தார்கள், ஆளுக்கொரு கூடையோடு.

செல்லமுத்து வந்தான். பின்னால் ஏணி தூக்க ஒரு ஆள். கூடவே ஊர்க்கவுண்டர் சின்னராசு, கட்டு சரியாக நடக்கிறதா என்று பார்க்க. பனிக்குள்ளிருந்து வந்தவர்கள் ராசாமணியைப் பேண்டும் புருசனின் சட்டையுமாகப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள்.

"என்ன கூத்து இது?"

"மொளவு பறிக்கப்போறேனுங்க மாமா."

"பொம்பள ஏறினா கொடி காஞ்சுபோயிரும், தெரியுமல்ல?"

"மின்ன வருசம் உங்க காட்டுல பாதிக்கு மேல வாடல் வந்து காஞ்சுதே, அதுல எந்தப் பொம்பளைங்க ஏறுனா?" என்றாள் சுகுணா வரப்பிலிருந்து.

"நீ வாய மூடு."

"மூடறனுங்க. நீங்க கணக்கச் சொல்லுங்க."

செல்லமுத்து சின்னராசுவைப் பார்த்தான். சின்னராசு, "ராசாமணி, ஏறாதம்மா. ஏறினாலும் பிரயோசனமில்ல. உம்மகதான அடியப் புடிச்சிருக்குது? ஒரே ஊட்டு ஆளு புடிச்சா கணக்கில்ல. சுகுணா புடிச்சாலும் கணக்கில்ல, அவ ஊர்க்காரி. செல்லமுத்துக்கு நீ புடிச்சது கணக்கு, ஏன்னா நீ பங்காளி ஊட்டு ஆளு. இதத்தான சொன்னேன்?" என்றார்.

"தெரியுமுங்க. எங்க மரத்து மொளவு, நான் பறிக்கறேன். கணக்கு அப்பறம் பாத்துக்கலாம்."

அவள் ஏறினாள். முதல் குச்சி, இரண்டாவது குச்சி. பனியில் மூங்கில் ஈரமாக இருந்தது. செல்லமுத்து அன்றைக்குச் சொன்ன வழுக்கல் இன்றைக்கு நிஜமாகவே இருந்தது. நடுமரம் வரைக்கும் போனபோது கீழே சத்தம் கேட்டது. செல்லமுத்து வந்து மூங்கிலில் கையை வைத்துவிட்டான்.

"எறங்குறியா, நான் எடுத்துறட்டுமா?"

ஏணி ஆடியது. ராசாமணி மரத்தைக் கட்டிக்கொண்டாள். கொடியின் வாசம் மூக்கில் ஏறியது, காரமாக. கீழே பார்க்கவில்லை.

தாரணி ஒரு கையால் அடியைப் பிடித்தபடியே மறுகையில் போனைத் தூக்கி வீடியோ எடுத்தாள்.  "தள்ளுங்க பெரியப்பா. வெளிச்சம் உங்க மூஞ்சில நல்லா உளுவுது."

வரப்பிலிருந்த பொம்பளைகள் எழுந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. கூடைகளைக் கீழே வைத்துவிட்டு மரத்தைச் சுற்றி வந்தார்கள். செல்லமுத்து மூங்கிலில் இருந்து கையை எடுக்கவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

அப்போதுதான் சென்னம்மாள் வந்தாள். தலையில் புருசனுக்கான கஞ்சிப் பானை, பின்னால் வித்யாஸ்ரீ, குழந்தை இடுப்பில். புருசன் பறிக்கிற நாளில் பெண்டாட்டி கஞ்சி கொண்டுவந்து ஏணி பிடிப்பது வழக்கம். சென்னம்மாள் பானையை வரப்பில் இறக்கி வைத்தாள். மேலே பார்த்தாள். புருசனின் கையைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக ராசாமணியின் ஏணிக்கு நடந்துபோய், தாரணியை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, இரண்டு கையாலும் அடியைப் பிடித்தாள்.

"ஏ, என்னடி பண்ணற?"

"ஏணி புடிக்கறேன்."

"எம்பட ஏணி இக்கட்டால கெடக்குது."

"தெரியுது. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குது."

"கைய எடுடி!"

"எடுத்தா அவ உளுந்துருவா. நீங்க உங்க கைய எடுங்க மொதல்ல."

சின்னராசு முன்னால் வந்தார். "சென்னம்மா, ரோசன பண்ணிப் புடி. நீ பங்காளி ஊட்டு ஆளு."

"அதுனாலதானுங்க புடிக்கறேன். ஊர்க்காரி புடிச்சா கணக்கில்லன்னு நீங்கதான சொன்னீங்க."

"அது செரி, ஆனா..."

"பேச்சு வேற, கை வேறன்னீங்க. பொம்பள கையானாலும் புடிச்சா புடிச்சதுதான்னீங்க. நான் அன்னிக்கு ஒரலுக்கு அக்கட்டால நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். தெரியாமப் புடிச்சதே கட்டுன்னா, தெரிஞ்சு புடிக்கறேன், எழுதி வெச்சுக்கங்க." மேலே அண்ணாந்து, "ராசாமணி! என்ன அங்கயே தொங்கிக்கிட்டு இருக்கற? ஏறு!" என்றாள்.

சின்னராசு மாறி மாறி எல்லோரையும் பார்த்தார். துண்டை மடித்தார். அவர் வாயிலிருந்து வந்த முடிவு. அதை அவரே எப்படி மாற்றுவார்? "செல்லமுத்து, கைய எடுப்பா" என்றார் கடைசியில். "புடிச்சுட்டா."

"கவுண்டரே!"

"கட்டு கட்டுதானப்பா. உனக்கு ஒண்ணு, அவளுக்கு ஒண்ணா?" அவர் வரப்பில் போய் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். நெருப்பு பிடிக்க மூன்று குச்சி செலவானது.

செல்லமுத்து கையை எடுத்தான். பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்து என்னவோ சொல்ல வந்தான். "ஊட்டுக்கு வா, பேசிக்கறேன்" என்றான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

"ஊட்டுலதான இருப்பேன்? நல்லாப் பேசலாம்" என்றாள் சென்னம்மாள். கை மூங்கிலில் இருந்து அசையவில்லை.

அவன் போனான். கூட வந்த ஆளும் ஏணியைப் புல்லில் போட்டுவிட்டுப் பின்னாலேயே போனான்.

ராசாமணி உச்சிக்குப் போய்விட்டாள். சரத்தை உருவினாள். முதல் சரம் கையில் வந்ததும் அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், சிரிப்புதான் வந்தது. சாக்கு நிறையத் தொடங்கியது. பனி விலகி மலைச்சரிவு முழுக்கத் தெரிந்தது. நாளைக்குச் செல்லமுத்து என்ன செய்வான், கேஸ் எத்தனை வருசம் இழுக்கும், சென்னம்மாள் அக்காவுக்கு இன்றைக்கு வீட்டில் என்ன நடக்கும் என்பதெல்லாம் அவள் நினைப்பில் இல்லாமல் இல்லை. கை பாட்டுக்குப் பறித்தது.

"சின்னம்மா!"

கீழே வித்யாஸ்ரீ. குழந்தையைச் சுகுணாவிடம் கொடுத்துவிட்டு, புல்லில் கிடந்த அப்பனின் ஏணியை ஒரு முனையில் தூக்கிப் பிடித்திருந்தாள். மேக்காட்டை ஒட்டி ஒரு சின்ன வாய்க்கால். அதற்கு அந்தப் பக்கம் செல்லமுத்துவின் காடு. வாடலுக்குத் தப்பின நாலைந்து மரத்தில் அங்கேயும் மிளகு பழுத்துத் தொங்கியது.

"இது சும்மாதான கெடக்குது?"

 வரப்பில் சின்னராசுவின் பீடி பாதி வழியில் நின்றது. சென்னம்மாள் மகளைப் பார்த்தாள். 

"சும்மாதான் கெடக்குது" என்றாள். "தூக்கிக்கிட்டு வாய்க்காலத் தாண்டு."

"அடியப் புடிக்கப் பங்காளி ஊட்டு ஆளு வேணுமல்லம்மா?"

மரத்தின் உச்சியிலிருந்து சாக்கு ஒன்று தொப்பென்று புல்லில் விழுந்தது. அதன் பின்னாலேயே ராசாமணியின் குரல் வந்தது.

"நில்லு கண்ணு. எறங்கி வாரேன்."